கரடிக்குத் தேன் மருந்தாம்!

சுனைக்கரையில் வாழ்ந்த குண்டுமணி என்ற கரடிக்குட்டிக்குத் தேன் என்றாலே பிடிக்காது. நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குத் தெரியும். அந்தக் காட்டிலும் ஒருவரும் நம்பவில்லை. வந்த வினையே அதுதான்.

குண்டுமணிக்கு ஒரு நோய் இருந்தது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பாள். திடீரென்று உடம்பில் தெம்பு இறங்கிவிடும். கை நடுங்கும், நாக்கு குழறும், கண் இருட்டும். அந்த நேரத்தில் ஒரு வாய்த் தேன் உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவாள். போகாவிட்டால் மயங்கி விழுவாள். அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து.

அவள் அம்மா காத்தாயியிடம் உடும்பு வைத்தியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இது ரெண்டு நாள் இருந்துட்டுப் போற காய்ச்சல் இல்லை, காத்தாயி. ஆயுசுக்கும் கூடவே இருக்கும். ஆனா பயப்படாதே! தேன் எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். ஓடலாம், மரம் ஏறலாம், பள்ளிக்கூடம் போகலாம்!"

மருந்தாக்கித் தினமும் ஊட்டினால் தேனும் கசக்கத்தானே செய்யும்? குண்டுமணி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள்.

பள்ளிக்கூடம் ஒரு பெரிய புங்கமரத்தடியில் நடந்தது. நடத்தியவர் காட்டெருமை கொம்பையா வாத்தியார். தங்கமான மனுஷர், மன்னிக்கவும், தங்கமான எருமை. ஆனால் சட்டம் என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அசையமாட்டார். பாடம் நடக்கும்போது யாரும் எதையும் வாயில் போடக்கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

பள்ளியில் சேர்க்கும்போதே காத்தாயி மகளின் நோயைப் பற்றி விவரமாகச் சொன்னாள்.

"சரி சரி, பார்த்துக்கலாம்!" என்றார் வாத்தியார்.

இந்தப் 'பார்த்துக்கலாம்' இருக்கிறதே, அதைச் சொன்னவர் யாரும் பார்த்துக்கொண்டதை நான் இதுவரை கண்டதில்லை.

பத்தாம் நாள் காலை. வாத்தியார் தடம் படிக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் காலடி எந்த விலங்குடையது என்று கண்டுபிடிக்கிற பாடம். குண்டுமணிக்கு உயிரான பாடம் அது. நடுவில் அவள் கை நடுங்கத் தொடங்கியது. உடனே அம்மா தேன் நிரப்பிக் கொடுத்திருந்த மூங்கில் குழாயைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயா! ஐயா!" என்று கிளையிலிருந்து ஒரு குரல். வகுப்பு லீடர் கோமு மைனா! "குண்டுமணி பாடத்துல தேன் திங்கிறா ஐயா!"

"அது எ... என் மருந்து ஐயா," என்றாள் குண்டுமணி. நாக்கு குழறியது.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "கரடிக்குத் தேன் மருந்தாம்! அப்போ எனக்குப் பலாப்பழம் மருந்து!" என்றது ஒரு குரங்குக்குட்டி. "எனக்குக் கிழங்கு மருந்து!" என்றது பன்றிக்குட்டி.

"பொய் வேற சொல்றியா?" என்று வாத்தியார் குழாயை வாங்கித் தம் பாறை மேல் வைத்துவிட்டார்.

பாடம் தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் குண்டுமணியின் தலை மெல்லச் சாய்ந்தது.

"பாருங்கய்யா, தூங்கிட்டா!" என்றது கோமு.

"தூங்கட்டும். தேன் மயக்கம்!" என்றார் வாத்தியார்.

அது தூக்கமா? நல்லவேளை! மகளுக்குக் கிழங்கு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காத்தாயி அந்த நேரம் பார்த்து வந்தாள். பார்த்ததும் கிழங்கை எறிந்துவிட்டு ஓடினாள். பாறை மேலிருந்த குழாயை எடுத்து, தேனை விரலில் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மகளின் ஈறில் தடவினாள். வெகுநேரம் கழித்துக் குண்டுமணி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா," என்றாள். "சிறுத்தைத் தடம் வரைக்கும் கேட்டேன். மிச்சம் விட்டுப்போச்சு."

கொம்பையா வாத்தியார் ஓடி வந்தார். "ஐயோ பாவம்! பாவம்! அம்மா, பிள்ளையை வீட்டுல வச்சு நல்லா கவனிங்க. உடம்பு சரியானதும் அனுப்புங்க. நான் வேண்டாம்னு சொல்லலை."

"இது சரியாகாதுங்கய்யா. கூடவே இருக்கும். சரியானாத்தான் வரணும்னா என் மக எப்போ படிப்பா?"

காத்தாயி மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் குண்டுமணி ஈர மண்ணில் தன் பாதத்தைப் பதித்துப் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தாயி அதைப் பார்த்தாள். படிப்பும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று என்றால் அது என்ன பள்ளிக்கூடம்?

மறுநாள் விடிந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்து நின்றாள்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"பேசுங்கம்மா. ஆனா சட்டத்தை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க. ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வாயில எதையாவது போட்டுக்கிட்டு வருவாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்!" என்றார் வாத்தியார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தாடை இடமும் வலமும் அரைத்துக்கொண்டிருந்தது. காத்தாயி அதையே பார்த்தாள்.

"ஐயா, தப்பா நினைக்கக்கூடாது. உங்க வாயில என்ன?"

வாத்தியாரின் தாடை அப்படியே நின்றது.

"இதுவா? இது... அசைபோடுறதும்மா. காலையில மேஞ்ச புல்லு."

"பாடம் நடத்தும்போதும் அசைபோடுவீங்களா?"

"போட்டுத்தானே ஆகணும்! எங்க உடம்பு வாகு அப்படி. போடலைன்னா வயிறு உப்பிடும். ஒரு நாள் நிறுத்தினாலும் படுத்துடுவேன். அப்புறம் யார் பாடம் நடத்துறது?"

"பாடத்துல வாத்தியார் திங்கிறாருன்னு யாராவது சிரிச்சாங்களா?"

"அது எப்படிச் சிரிப்பாங்க? இது தீனியா? இது இல்லாம நான் இங்கே நிக்கவே முடியாதேம்மா!"

"அதையேதான் ஐயா நானும் சொல்றேன்! அது இல்லாம என் மகளும் இங்கே உக்கார முடியாது!"

பின்வரிசையில் அசைபோட்டுக்கொண்டிருந்த மான்குட்டிகள் நான்கும் தலையைக் குனிந்துகொண்டன.

"எனக்குத் தேன் பிடிக்கவே பிடிக்காது ஐயா," என்று குண்டுமணி மெதுவாகச் சொன்னாள்.

கொம்பையா வாத்தியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வெட்கச் சிரிப்பு. "இத்தனை வருஷமா எதை எதையோ அசைபோட்டேன். நீங்க அன்னைக்கு வந்து சொன்னதை மட்டும் அசைபோடாம விழுங்கிட்டேன். என் தப்புதான்மா! இனிமே தேன் இங்கே இருக்கட்டும். பத்திரமா என் பாறை மேலயே வச்சிருக்கேன். வேணும்போது வந்து கேட்டு வாங்கிக்கட்டும்."

வேறு யாராவது என்றால் இதற்கே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். காத்தாயி கிளம்பவில்லை.

"கண் இருட்டுறப்போ பாறை ஏற முடியுமாய்யா? நாக்கு குழறுறப்போ கேட்டு வாங்க முடியுமா? தேன் அவ கழுத்துலயே தொங்கணும். யாரையும் கேக்காம அவளே எடுத்துக் குடிக்கணும். இன்னொண்ணு. அவளால எடுக்க முடியலைன்னா என்ன செய்யணும்னு இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியணும்."

வாத்தியார் வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் முன்னால வாங்க!" என்றார்.

அன்றைய முதல் பாடத்தைக் காத்தாயிதான் எடுத்தாள். கை நடுங்கினால் என்ன, பேச்சு குழறினால் என்ன, மயங்கிவிட்டால் வாயில் ஊற்றாமல் ஈறில் எப்படித் தடவ வேண்டும், வைத்தியரை யார் போய் அழைத்து வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பன்றிக்குட்டி இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டது. கோமு மைனா மட்டும் கிளையில் சிறகை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நான் தூங்குறான்னு சொன்னேன் குண்டுமணி," என்றது அழாத குறையாக. "எனக்குத் தெரியலை."

"இப்போ தெரிஞ்சுடுச்சுல்ல?" என்றாள் குண்டுமணி.

ஒரு வாரம் போனது. ஆற்றங்கரை மணலுக்கு வகுப்பையே அழைத்துப் போகிற நாள் வந்தது. தேன் குழாயைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குண்டுமணியும் போனாள். காத்தாயிக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. கிழங்கு தோண்டப் போனாள், தோண்டாமல் திரும்பினாள். புற்றைக் கிளறினாள், ஒரு கறையான்கூடத் தொண்டைக்குள் இறங்கவில்லை. இந்நேரம் என்ன ஆயிற்றோ, ஏது ஆயிற்றோ!

சாயங்காலம் குண்டுமணி குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா! மணல்ல நடக்கும்போது கை நடுங்குச்சு, தேன் குடிச்சேன், எல்லாரும் நின்னாங்க, அப்புறம் நடந்தோம். அதை விடு! செந்நாய்த் தடத்துல நகம் விழும், சிறுத்தைத் தடத்துல விழாது, தெரியுமா உனக்கு? நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்! நம்ம தடத்துல நகம் எவ்வளவு நீளமா விழுதுன்னு வாத்தியாரே அளந்து பார்த்தாரும்மா! அப்புறம் முள்ளம்பன்றி இருக்கே..."

அதன் பிறகு முள்ளம்பன்றித் தடம், உடும்பு வால் இழுத்த தடம், யானைத் தடம் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். தான் நாளெல்லாம் பயந்த கதை மகள் வாயில் ஒரே மூச்சில் முடிந்துபோனதைக் காத்தாயி அப்போதுதான் கவனித்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள். பசி வந்தது.

"சொல்லுடி கண்ணு. யானைத் தடத்துல என்ன பார்த்தே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தாள்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் உடம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அதை எடுத்துச் சொல்லப் பெற்றவர்கள் கூசக்கூடாது, காதுகொடுத்துக் கேட்கப் பள்ளிக்கூடம் தயங்கக்கூடாது.