மச்சானுக்கு ஒரு பீர்

மெல்பர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு குரு இருந்தாள். பெயர் வயலட். வேலை டிராம் ஓட்டுவது. ஓய்ந்த நேரத்தில் வீட்டு கராஜில் பீர் காய்ச்சுவாள். தன்னை யாரும் குரு என்று கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் சீடன் விட வேண்டுமே.

சீடன் பெயர் ஜெரால்டு. இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடி. சீடன் குருவைவிட வயதில் மூத்தவன். அதனால் அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளைக் குருவே என்பான். கேட்பவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

ஜெரால்டு பீர் காய்ச்சக் கிளம்பியது தாகத்தால் அல்ல, ரோஷத்தால். அவன் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் ரோமால்டு ஊரிலிருந்து வரப்போகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஜெரால்டைப் பற்றி ஒரே அபிப்பிராயம்: இவன் எதையும் முடிக்க மாட்டான். அதைக் கேட்டால் அவனுக்குக் கோபம் வருமே தவிர, பொய் என்று சொல்ல முடியாது. கிடார் ஒரு மாதம் வாசித்தான். தோட்டத்தில் கோழிக்கூடு கூரையில்லாமல் நிற்கிறது. இந்த முறையாவது ஒன்றை முழுசாகச் செய்து மச்சான் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறியே வந்துவிட்டது. பீரைப் பாட்டில்களில் அடைத்த கையோடு குடும்ப வாட்ஸாப்பில் படம் போட்டான். மச்சான் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். அந்தப் பொம்மை அவன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

"குருவே, பாட்டில்ல அடைச்சாச்சு. சீனியும் போட்டாச்சு. இனி?"

"ரூம் டெம்பரேச்சர்ல வைங்க."

"வச்சு?"

"மறந்துருங்க. உள்ள இருக்க ஈஸ்டு அந்தச் சீனியத் தின்னு கேஸ் விடும். அது அதோட வேல."

"என் வேல?"

"சொன்னேனே. மறக்கது."

ஜெரால்டு கொஞ்சம் யோசித்தான். "எந்த ரூமோட டெம்பரேச்சர், குருவே?"

"நீங்க ஸ்வெட்டர் இல்லாம உக்காருத ரூம்."

அப்படி ஒரு அறை அவன் வீட்டில் இல்லை. ஜூலை மாதம் அங்கே குளிர்காலம், எலும்பு வரைக்கும் குளிர். இருந்த ஒரே ஹீட்டரும் ஸ்டெல்லாவின் அதிகாரத்தில் இருந்தது.

வீட்டில் வெதுவெதுப்பான இடம் ஒன்றுதான் உண்டு. அது ஓவன். குளிர்நாட்டில் இட்லிக்கு ஆசைப்படும் நம்மவர்கள் செய்வதைத்தான் ஸ்டெல்லாவும் செய்துவந்தாள். ஓவனைச் சூடேற்றாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுச் சட்டியை வைப்பாள். அந்த ஒரு பல்பின் சூட்டில் காலையில் மாவு பொங்கி நிற்கும். ஜெரால்டு சட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பாட்டில்களை உள்ளே அடுக்கினான். மாவு பொங்குவதும் பீர் பொங்குவதும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி என்பது அவன் கணக்கு.

மறுநாள் இட்லி அப்பளம் மாதிரி வந்தது. ஸ்டெல்லா அத்தனையையும் அவன் தட்டிலேயே வைத்தாள். கடைசியில் மாவுக்கு மேல்தட்டு, பாட்டிலுக்குக் கீழ்த்தட்டு என்று சமாதானம் ஆனது.

ஆனால் அவனுக்கு மறக்கத்தான் வரவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஒரு பாட்டிலின், கம்பி இறுக்கிப் பிடித்திருக்கும் மூடியை நெம்பித் திறந்து காதோரம் வைத்துக் கேட்பான். மூச்சுச் சத்தம்கூட வராது. அழுத்தி மூடிவிட்டு அடுத்த நாள் அடுத்த பாட்டில். சில நாள் பொறுக்க முடியாமல் இரண்டு, மூன்று.

மச்சான் வருகிற வாரம், அண்ணனுக்குக் கேக் சுட வேண்டும் என்று ஸ்டெல்லா யோசனையில்லாமல் ஓவன் குமிழைத் திருகினாள். டக் என்ற சத்தம் கேட்டதும் ஜெரால்டு குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்து, கதவைப் பிடுங்கித் திறந்து, பாட்டில்களை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கேக் மாவைக் கையில் ஏந்தியபடி ஸ்டெல்லா கேட்டாள்: "வெடிச்சிருந்தா எங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவீக?"

அன்றே குரு டிராம் சீருடையோடு வந்து சேர்ந்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் குருவே கேஸ் பிடிக்கல?" என்று கேட்டான் ஜெரால்டு.

"எனக்குப் பசிக்கு. இட்லி அவிங்க" என்றாள் குரு.

இட்லி அவிப்பதில் ஜெரால்டு சூரன். அதை மட்டும் அவன் பாதியில் விட்டதில்லை. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி மூடிவிட்டுத் தேங்காய் துருவத் திரும்பினான். குரு எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தாள். ஒரு இட்லியைக் குத்திப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"யம்மா, ஏன் இப்படித் தொறந்து தொறந்து பாக்கீக? ஆவியெல்லாம் போவுதே! மூடி வச்சாத்தான வேகும்?" என்று கத்தியேவிட்டான்.

குரு நாற்காலியில் போய் அமர்ந்தாள். தேங்காய் துருவி அவன் கையிலேயே இருந்தது.

"புரிஞ்சிட்டு, குருவே."

"என்ன புரிஞ்சுது?"

"இட்லி வேகும்போது தொறக்கக் கூடாது."

"அது உங்களுக்கு முன்னமே தெரியும்" என்றாள் குரு.

சாப்பிட்டு முடித்ததும் அவளே பாட்டில்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, போர்வை சுற்றி, கூடத்து சோபாவுக்குப் பின்னால் வைத்தாள். திறந்ததையெல்லாம் மறுபடி கொஞ்சம் சீனி போட்டு மூடியிருந்தாள்.

"சனிக்கிழம மச்சான் வாராக, குருவே. அதுக்குள்ள ஆயிருமா?"

"உங்க மச்சான் வாரது ஈஸ்டுக்குத் தெரியாதே, அண்ணாச்சி."

சனிக்கிழமை ரோமால்டு வந்தார். கருவாட்டு மணமும் மக்ரூன் டப்பாவுமாக வீடே நிறைந்தது. செருப்பைக் கழற்றும்போதே, "எங்க மாப்ள ஒம்ம பீரு?" என்றார்.

துணைக்கு இருக்கட்டும் என்று குருவையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான் ஜெரால்டு. அடுப்படிக்குள் அவளை இழுத்துப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினான். உள்ளே கடையில் வாங்கிய பீர் குளிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கழுவித் துடைத்த அவனுடைய காலி பாட்டில் ஒன்றும், ஒரு புனலும்.

"இத அதுல ஊத்திரட்டா, குருவே?" அவன் கெஞ்சினான். "ஒரே ஒரு தடவ. அவுக வாயால நல்லாருக்குன்னு கேட்டாப் போதும்."

"ஊத்துங்க. நல்லாருக்குன்னு சொல்லுவாக."

அவன் புனலை எடுத்தான்.

"யாரச் சொல்லுவாக?" என்றாள் குரு.

புனல் கையிலேயே நின்றது. ஜெரால்டு ஃப்ரிட்ஜை மூடிவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய்த் தன் பாட்டிலை எடுத்துவந்தான்.

மூடி திறந்தபோது சின்னதாக ஒரு சத்தம் வந்தது. கிளாஸில் ஊற்றினான். ஓரத்தில் நுரை மாதிரி ஏதோ வந்து, வெட்கப்பட்டது போல் மறைந்தது. மேசையைச் சுற்றி எல்லோரும் மச்சானின் வாயையே பார்த்தார்கள்.

ரோமால்டு ஒரு மடக்குக் குடித்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு மடக்குக் குடித்தார்.

"என்ன மாப்ள இது, பார்லித் தண்ணியா? கேஸே இல்லையே!" தொடையில் தட்டிச் சிரித்தார். "நான் சொல்லல, ஸ்டெல்லா? இவரு எதத் தொட்டாலும் பாதியிலதான் நிக்கும்."

ஸ்டெல்லா தலையைக் குனிந்து மீனில் முள் எடுத்தாள். இத்தனை வருஷமும் இதே பேச்சு, இதே சிரிப்பு. ஜெரால்டு தன் கிளாஸைத் தள்ளி வைத்தான். குருவைப் பார்த்தான்.

குரு தன் கிளாஸில் இருந்ததை நிதானமாகக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ரோமால்டு பக்கம் திரும்பினாள்.

"அது பாதியில நிக்கல, அண்ணாச்சி. வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நீங்கதான் முந்தி வந்துட்டீக."