மேனேஜர் செய்த தியானம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மேனேஜர் தண்டபாணி தியான வகுப்புக்குப் போய் வந்த மறுநாளே மயிலாத்தாளின் தையல் மிஷினுக்குப் பின்னால் நின்று கத்தினார்.

"மறுபடியும் பனியன் கையைத் திருப்பி வச்சுத் தச்சிருக்கே! மனசை ஒருநிலைப்படுத்து! சாயங்காலத்துக்குள்ள இன்னொரு பீஸ் தப்பானா உனக்கு வேலையில்லை!"

அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. "எனக்குத் தியானம் வராதுங்க சார். எங்க எல்லாருக்கும் சேர்த்து நீங்களே பண்ணுங்க" என்றாள்.

தண்டபாணி பெருமையாகக் கண்ணை மூடி உட்கார்ந்தார். சாயங்காலம் வரை யார் தைத்த பீஸும் தப்பாகவில்லை.

"பார்த்தியா, என் தியானத்தோட சக்தியை!"

"பார்த்தேனுங்க சார். நீங்க வாயைத் திறக்காத வரைக்கும் எங்க யாருக்கும் கை நடுங்கலீங்க."

கத்த வாயைத் திறந்த தண்டபாணி, அப்படியே மூடிக்கொண்டார்.