அடைகல்

“போகவா, இருக்கவா, சாமி?”

செங்கணான் உட்காராமலே கேட்டான். பெரிய ஏரியின் மடைக்காரன். நீருக்குள் மூழ்கி, அடியில் மதகுத் துளையை அடைத்திருக்கும் கல்லைக் கிளப்பி, வயலுக்குத் தண்ணீர் விடுவது அவன் வேலை.

ஏரிக்கரை மண்டபத்துச் சாமியாருக்கு அவனைவிட வயது குறைவு. பொறுமை இன்னும் குறைவு.

“போன அறுப்பிலும் இதையேதான் கேட்டீர்.”

“அப்ப சாமி பதில் சொல்லல.”

“இப்போதும் சொல்லப் போவதில்லை. பேசும்.”

பேசினான். முத்துக் குளிக்கும் துறையிலிருந்து ஆள் வந்திருக்கிறார். இவன் மூச்சடக்குவதைக் கேள்விப்பட்டு, ஒரு தோணிக்கே தலைவனாகக் கூப்பிடுகிறார். சிறு வயதிலிருந்தே செங்கணானுக்குக் கடல்மேல் ஒரு கண்.

“பிறகென்ன?”

“இங்க என்ன குறை சாமி? களத்துல முதல் நெல்லு எனக்கு. திருவிழாவுல பரிவட்டம் எனக்கு. அங்க உப்புத் தண்ணி. போய், ஒத்துவரலன்னா?”

“உமக்குப் பின்னால் மடைக்கு யார்?”

“மச்சினன் பூவாண்டி. நல்லா முங்குவான்.” அவன் குரல் இறங்கியது. “வேலை உனக்குத்தான்னு சொல்லிட்டேன். அவனும் குத்தகை நிலத்தை விட்டுட்டு வந்து கரையில குந்திக்கிட்டிருக்கான். நான்தான் தினம் ஒண்ணு சொல்றேன். துறைக்காரருக்கும் அலுத்துப்போச்சு. மதியம் வண்டி கிளம்புதாம். ஏறினா ஏறு, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேங்கறாரு.”

சாமியார் எழுந்தார். மேல்துண்டைத் தூணோரம் போட்டார்.

“இன்று மதகு திறக்கிற நாள்தானே. நானும் முங்குகிறேன்.”

“சாமிக்கு எதுக்கு அந்த வேலை?”

“வாரும்.”

கரையில் பூவாண்டி, அடைகல்லில் கட்டிய கயிற்றோடு காத்திருந்தான். சாமியார் வேட்டியை வரிந்து கட்டுவதைப் பார்த்தான்.

“இவருக்கு நீச்சல் தெரியுமா மச்சான்? தெரியலன்னா நாம எந்தச் சாமிய வேண்டிக்கிறது?”

“வாய மூடிட்டுக் கயித்தப் பிடிடா.”

செங்கணான் சாமியாரிடம் திரும்பினான். மடைக்காரன் குரல் இப்போது.

“கேட்டுக்குங்க. கல்லு கிளம்புற வரைக்கும்தான் நம்ம பலம். கிளம்பிட்டா கையை விட்டுடணும். மேலருந்து பூவாண்டி இழுத்துக்குவான். பிடிச்சுக்கிட்டே நின்னா நம்ம கனத்துல கல்லு திரும்ப இறங்கும். கை நடுவுல மாட்டிக்கும். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் விரல் போச்சு.”

“சரி.”

“எப்ப விடணும்னு சந்தேகமே வராது. கைக்கே தெரியும்.”

“சரி என்றேனே.”

மூழ்கினார்கள்.

அடியில் அரையிருட்டு. பாசி வழுக்கும் கல்லில் நாலு கைகள். ஆட்டினார்கள். அசைத்தார்கள். கல் கிளம்பியது. துளைக்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

செங்கணான் கையை விட்டு உதைத்து மேலே எழும்பினான். பக்கத்தில் ஆள் இல்லை.

திரும்பிப் பார்த்தான். சாமியாரின் இரண்டு கைகளும் கல்லை இன்னும் பிடித்திருந்தன. கயிறு விறைத்து நின்றது. மேலே பூவாண்டி இழுக்கிறான். கல் ஏறவில்லை. இறங்கத் தொடங்கியது.

செங்கணான் தலைகீழாகப் பாய்ந்தான். சாமியாரின் மணிக்கட்டில் ஓங்கி அறைந்தான். பிடி தளர்ந்தது. சடையைக் கொத்தாகப் பற்றி மேலே இழுத்து வந்து கரையில் போட்டான்.

சாமியார் இருமினார். ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது.

செங்கணான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். மரியாதை மறந்துபோயிற்று.

“பைத்தியமாய்யா உனக்கு? கல்லு கிளம்பினது தெரியலையா?”

“தெரிந்தது.”

“தெரிஞ்சா ஏன் விடல?”

சாமியார் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார்.

“விடவா, பிடிக்கவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.”

கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பூவாண்டி இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவன் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

செங்கணான் அந்தக் கையையே பார்த்தான்.

“வண்டி எங்கடா நிக்குது?” என்றான்.