சேற்றில் மூச்சுவிட்ட தலைவன்

காட்டோரக் குளம் ஒன்றில் கருவாயன் என்ற விரால் மீன் இருந்தது. எதற்குப் பிறந்தோம், என்ன செய்யப் போகிறோம் என்று ஒன்றும் புரியாமல் பாசிக்குள் படுத்துக் கிடப்பதே அதன் பிழைப்பு.

ஒருநாள் தண்ணீர்ப் பாம்பு ஒன்று கெண்டை மீன்களைத் துரத்திக்கொண்டு வந்தது. கருவாயன் பயத்தில் வாலை ஓங்கி அடித்தது. அந்த அடி பாம்பின் கண்ணில் பட்டுவிட்டது. பாம்பு ஓட்டம் பிடித்தது!

"இனிமே நீங்கதாண்ணே எங்க தலைவர்!" என்று கெண்டைகள் கும்மாளமிட்டன.

கருவாயனுக்கு உச்சி குளிர்ந்தது. 'ஓகோ, இதற்குத்தான் பிறந்திருக்கிறேன்!' என்று நினைத்துக்கொண்டது. அன்று முதல் அது முன்னே நீந்தும். கெண்டைக் கூட்டம் பின்னே வரும்.

கோடை வந்தது. குளம் வற்றத் தொடங்கியது. ஆற்றுக்குப் போகும் ஓடையில் இன்னும் நீந்துமளவு தண்ணீர் கிடந்தது.

"அண்ணே, ஓடை காயுறதுக்குள்ள ஆத்துக்குப் போயிடலாமா?" என்று கேட்டது பொடிச்சி என்ற கெண்டை. அதன் குஞ்சுகள் அப்போதுதான் பொரித்திருந்தன.

கருவாயனுக்குத் திக்கென்றது. ஆற்றில் பெரிய பெரிய வாளை மீன்கள் உண்டு. அங்கே இந்த விராலை யார் சீந்தப் போகிறார்கள்?

"எதுக்கு அவசரம்? மழை வரும்! நான் சொல்றேன்ல!"

"நீங்க சொன்னா சரிதாண்ணே!"

அந்த நம்பிக்கை கருவாயனை உள்ளுக்குள் முள்ளாகக் குத்தியது. மழை வருமா வராதா என்று அதற்கு என்ன தெரியும்! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பாவி, அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்!

ஓடை வறண்டது. குளம் குட்டையானது, குட்டை சேறானது. மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கெண்டைகள் வாயைப் பிளந்து துடித்தன. குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கருவாயனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சேற்றில் புதைந்து, காற்றைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும் சாதியல்லவா விரால்!

பொடிச்சி துள்ளித் துள்ளி அதன் அருகே வந்து விழுந்தது.

"அண்ணே... இந்தச் சேத்துல நீங்க எப்படிண்ணே மூச்சு விடுறீங்க? மிச்சமிருக்கிற என் புள்ளைங்களுக்காவது சொல்லிக் குடுங்கண்ணே!"

கருவாயன் உடைந்து போனது.

"அது பிறவியிலேயே வர்றது தாயி, சொல்லிக் குடுக்க முடியாது. மழை வரும்னு நான் சொன்னது பொய்! ஆத்துல யாரும் என்னை மதிக்க மாட்டாங்கன்னுதான் உங்களை இங்கேயே நிறுத்தி வச்சேன்!"

"அன்னிக்கே நிஜத்தைச் சொல்லியிருந்தா, ஆத்துலயும் உங்க பின்னாலதாண்ணே வந்திருப்போம்!" என்றது பொடிச்சி.

அதற்குப் பிறகு அது பேசவில்லை. மீனுக்குக் கண்ணை மூடத் தெரியாது. செத்த பிறகும் அதன் கண் கருவாயனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழை வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. குளம் நிரம்பித் தளும்பியது. கருவாயன் சேற்றைக் கிளறிக்கொண்டு வெளியே வந்தது. பழக்கதோஷத்தில் முன்னே நீந்தியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"இனி நான் எதற்கு?" என்று அது கதறிக் கேட்டது. பதில் சொல்ல அங்கே ஒரு குஞ்சுகூட இல்லை.

தான் தப்பிக்க வழி வைத்துக்கொண்டு, தன்னை நம்பி வந்தவர்களின் மூச்சை எண்ணிப் பார்க்காமல் முடிவெடுப்பவன் தலைவனல்லன், அவர்களுக்கு எமன்.