இருபத்தொரு முறை பெயர் சொல்லிக் கை கழுவிய அம்மையார்

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் சுடலைமாடசாமி கோயில் கொண்ட சிற்றூர் ஒன்று. அங்குள்ள சுகாதார நிலையத்தில் தரை துடைத்து, ரத்தக்கறைத் துணிகளை அகற்றிவந்தவர் பிரம்மசக்தி அம்மையார். ஊரார் அவரைத் தள்ளியே நிறுத்தினர். செவிலியர் ஒருவரிடம் காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றிருந்தார். பூசை, பாட்டு எதுவும் அறியார். சோப்புப் போட்டுக் கை கழுவும்போது "மாடா" என்று இருபத்தொரு முறை சொல்வார். அதுவே அவர் வழிபாடு.

கோயிலின் ஆண்டுத் திருவிழாவான கொடை விழாவின் கபடிப் போட்டியில் பதினோரு ஆண்டுகளாகக் காயங்களைக் கவனித்து வந்தார். களத்தின் ஓரத்தில் கையுறைகள், பஞ்சு, சோப்பு, தண்ணீர், பிளீச்சிங் கரைசல் வாளி என வரிசையாக வைத்துக்கொண்டு அமர்வார். கோயிலுக்குச் செய்ய அவருக்குக் கிடைத்திருந்த ஒரே தொண்டு அது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சாமியின் காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் துண்டால்தான் அடிபட்டவர்களின் காயத்தைத் துடைப்பார்கள். எல்லோருக்கும் அந்த ஒரே துண்டு. அம்மையார் அது வேண்டாம் என்று ஆண்டுதோறும் தயங்கித் தயங்கிச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஊர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மீதம் இரண்டே நிமிடம். எதிரணிப் பக்கம் பாடிச் சென்ற ஊர் ஆட்டக்காரன் லிங்கதுரையின் புருவம் மோதலில் பிளந்தது. விழாத் தலைவர் தங்கப்பழம் மஞ்சள் துண்டுடன் ஓடிவந்தார். அதில் ஏற்கெனவே இருவரின் ரத்தம் ஊறியிருந்தது.

அம்மையார் அதை வாங்கிப் பிளீச்சிங் வாளிக்குள் அமுக்கினார்.



"ஏளா, சாமி துண்டையா முக்குத?" தங்கப்பழம் வாளியைப் பார்த்துக் கத்தினார்.

"துண்டு சாமியோடது அண்ணாச்சி. அதுல இருக்க ரத்தம் ரெண்டு பேரோடது. யாருக்கு என்ன நோய்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியுமா? காமாலை ரத்தத்துலயும் பரவும்."

சொல்லிவிட்டுக் கை கழுவத் தொடங்கினார். மாடா, மாடா...

"ஆத்தா, கை கழுவுதியா, கல்யாணத்துக்குக் கெளம்புதியா?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பும் வசையும் எழுந்தன. அவர் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. புதிய கையுறை மாட்டிப் புருவத்தில் பஞ்சை அழுத்தினார். ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

"விடு ஆத்தா, ஒரே ஒரு ரைடு" என்று லிங்கதுரை கெஞ்சினான்.

"நிக்கட்டும் ராசா. சட்டையும் மாத்தணும்."

நடுவரும் ரத்தம் நிற்காமல் ஆடக்கூடாது என்று தலையசைத்தார். கடைசி விசில் ஒலித்தது. ஒரு புள்ளியில் ஊர் தோற்றது.

"இனிமே கோயில் வாசல மிதிக்காத" என்றார் தங்கப்பழம்.

அம்மையார் பஞ்சையும் கையுறையையும் தனிப்பையில் கட்டினார். மறுபடி கை கழுவினார். அப்போது முதன்முறையாக எண்ணிக்கை தவறியது. 'மாடா, நான் செய்தது பிழையா?' என்று உள்ளம் கலங்கியது. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

மாலையில் மேளம் முழங்க, மாடசாமி இறங்கிய சாமியாடி அரிவாளுடன் ஆடினார். ஆட்ட வேகத்தில் உள்ளங்கை கிழிந்தது. தங்கப்பழம் வேறொரு மஞ்சள் துண்டை நீட்டினார். சாமியாடி அதைத் தட்டிவிட்டார். கூட்டம் பதறி விலக, வாசலைத் தாண்டி நேரே நடந்தார். வேலிக்கு வெளியே பையோடு நின்றிருந்த அம்மையாரின் முன்னே ரத்தக் கையை நீட்டினார்.

"கை கழுவிட்டியா, மவளே?"

அம்மையார் பையிலிருந்து சோப்பை எடுத்தார். தங்கப்பழம் தானே செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். மேளம் நின்றது. இருபத்தொரு முறை சாமியின் பெயர் ஒலிக்கும்வரை சாமி அசையாமல் காத்திருந்தது. பிறகே கையுறை, பிறகே கட்டு.

"என் காலடித் துண்டு காலடியிலயே கெடக்கட்டும்" என்ற வாக்கு வந்தது.

மறு ஆண்டு முதல் களத்தோரத்தில் துண்டு இல்லை, அம்மையார் இருந்தார். தெய்வமே பொறுத்து நின்று பார்த்த அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.