ராஜாவின் பசியும் செங்கோடன் வழக்கும்

முன்னொரு காலத்தில் காரைநாடு என்ற தேசத்தை மகுடேசன் என்னும் ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் தலையை வெட்டச் சொல்வான். அவன் மூட்டிய போரில் கையோ காலோ இழந்தவர்களுக்கு அரண்மனைக் களஞ்சியம் ஆயுளுக்கும் நெல் அளக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நெல் கேட்டு வருகிறவன் சபையில் தானே வாய் திறந்தால் நாக்கை அறுப்பார்கள். வழக்காடி பிறைசூடியார்தான் அவனுக்காகப் பேசுவார். தீர்ப்பு நாள் வரை சேர்ந்த நிலுவையில் காற்பங்கு அவர் கூலி. களஞ்சியமே அதைப் பிடித்து நேராக அவர் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இடது காலைப் போர்க்களத்தில் விட்டுவந்த செங்கோடன், அறுவடைமேல் அறுவடையாக அரண்மனை வாசலில் கிடந்தான். ஒவ்வொரு முறையும் பிறைசூடியார், "சாட்சி வரவில்லை, தவணை வேண்டும்" என்பார். வீட்டில் விதைநெல்லையும் தின்றாகிவிட்டது. "இன்றும் வெறுங்கையோடு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிழைக்கப் போய்விடுவேன்" என்று மனைவி வேலாத்தா சொல்லியனுப்பியிருந்தாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. போரில் ஊனப்பட்டவனின் ஊன்றுகோலை ராஜா தாண்டக் கூடாது. தாண்டினால் வென்ற மண் கைவிட்டுப் போகுமாம். கோலை வைத்தவன்தான் எடுக்கவும் வேண்டும். மத்தியானம் ராஜா விருந்துக்கு எழுந்த நேரம் பார்த்து, செங்கோடன் தவழ்ந்து போய்ச் சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் தன் கோலைக் குறுக்கே போட்டான்.

காவலர்கள் வாளை உருவினார்கள். உள்ளே நெய்ச்சோறு மணத்தது.

"எடுடா கோலை!" என்று ராஜா அதட்டினான்.

செங்கோடன் அசையவில்லை.

ராஜா பிறைசூடியார் பக்கம் திரும்பிக் கத்தினான்: "இவன் வழக்கை இப்போதே முடித்துவையும் ஐயா!"

பிறைசூடியார் பழக்கதோஷத்தில் கைகூப்பினார். "மகாராஜா, சாட்சி இன்னும் வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்குத் தவணை..."

"அதுவரை நான் பட்டினி கிடக்கவா?"

ராஜா செங்கோடனிடம் குனிந்தான். "இந்த ஆள் ஏனடா இப்படி இழுக்கிறார்? உன் நாக்குக்கு நான் பொறுப்பு. பேசு!"

"உங்களுக்குச் சோறு போடுகிறவனுக்கு, நீங்கள் பசித்துக் கிடக்கிற நேரத்துக்குத் தக்கபடி கூலி ஏறும் என்று வையுங்கள் மகாராஜா. இலை எப்போது விழும்?"

ராஜாவின் வயிறு அந்நேரம் பார்த்து உறுமியது. சிரிக்க யாருக்கும் துணிவில்லை. கடைசியில் ராஜாவே சிரித்தான். நியாயம் புரிய இவனுக்கு வயிறு காய வேண்டியிருக்கிறதே என்று செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"கால் இல்லாததற்குச் சாட்சி எதற்கு? என் கண் போதும். நிலுவை முழுவதும் இவனுக்கே! இனி வழக்காடிக்கு ஒரே அளவு கூலி. எத்தனை நாள் இழுத்தாலும் ஒரு படி நெல்கூட ஏறாது. அதையும் களஞ்சியமே தன் நெல்லிலிருந்து கொடுக்கட்டும்."

செங்கோடன் கோலை எடுத்தான்.

"அப்படியானால் இந்த வழக்குக்கு என் கூலி?" என்றார் பிறைசூடியார், முகம் கறுத்து.

"நெல் கேட்கிறீரா? அப்படியென்றால் சபையில் நீர் வாய் திறக்கக் கூடாதே! உமக்காகச் செங்கோடன் பேசுவான்."

செங்கோடன் கோலில் சாய்ந்து நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"தாராளமாகப் பேசுகிறேன் சாமி. சாட்சி வரட்டும்."

அந்தச் சாட்சி இன்றுவரை வந்தபாடில்லை.