கரையில் நின்றவர்களின் பெயர்

அன்று கோயில் கூடத்தில் இருந்தவர்கள் பத்துப் பேர். பதிவு எழுத்தர் ஹொன்மா ஒருவர். கோயில் துறவி தொகுஜுன் ஒருவர். எழுபத்தொரு வயதான சாமுராய் ஷிராசாவா தோனமோ. அவருடைய விதவை மருமகள் நுயி. யோஹேய் என்ற உழவன். மற்ற ஐந்து பேரும் உழவர் வீட்டு விதவைகள். அவர்களில் மூத்தவள் ஒதாகி.

ஜப்பானில் அதுவரை குடும்பப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை சாமுராய்களுக்குத்தான் இருந்தது. உழவன் யோஹேய் என்றால் யோஹேய்தான். அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது. ஆட்சி மாறிய எட்டாம் ஆண்டில், எல்லோரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. அதற்காகத்தான் எழுத்தர் மலையேறி வந்திருந்தார்.

ஷிராசாவா என்பது அந்த மலையில் இறங்கும் வெள்ளை ஓடையின் பெயர். ஆறு தலைமுறைக்கு முன் அந்த வட்டாரத்துப் பிரபு, தோனமோவின் மூதாதைக்கு அதைக் குடும்பப் பெயராகக் கொடுத்தார். வாங்கும்போது மூதாதை சபதம் செய்தார்: "என் இரத்தத்தில் பிறந்த ஒருவன் இந்தப் பெயரோடு இருக்கும்வரை, வெளியார் யாருக்கும் இதைத் தரமாட்டோம்."

கோயிலுக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தின் கல்லறைக் கற்கள் ஒரே வரிசையில் நின்றன. கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரு கல். மொத்தம் ஏழு. ஏழாவது கல் தோனமோவின் ஒரே மகன் ஷூமாவுடையது. ஏழு ஆண்டுகளுக்கு முன் வடக்கே நடந்த போரில் அவன் இறந்தான். உடல் வரவில்லை. புறப்படும்போது நுயியிடம் வெட்டிக் கொடுத்த ஒரு கற்றை முடிதான் கல்லின் அடியில் இருக்கிறது. அதற்கு அப்பால், மதில் வரை இன்னும் ஆறு கல்லுக்கு இடம் இருந்தது. துறவி கயிறு பிடித்து அளந்து வைத்திருந்தார்.

ஷூமாவோடு மூட்டை சுமக்கப் போன உழவர்கள் ஆறு பேர். திரும்பியவன் யோஹேய் மட்டும். மற்ற ஐவரின் மனைவிகள்தான் கூடத்தில் இருந்த அந்த விதவைகள்.

எழுத்தர் முதலில் ஒதாகியிடம் கேட்டார்.

"கூப்பிட ஆள் இல்லாதவளுக்குப் பெயர் எதற்கு ஐயா? முள்ளங்கி என்று எழுதிக்கொள்ளுங்கள். என் நிலத்தில் விளைவது அதுதான்."

மற்ற நால்வரும் சிரித்தார்கள். அப்போது யோஹேய் தரையில் நெற்றி படக் குனிந்தான்.

"எழுதாதீர்கள் ஐயா. இவர்களுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது."

குனிந்தபடியே சொன்னான். பனிக்கட்டி மிதந்த ஒரு ஆறு. அக்கரையில் துப்பாக்கிகள். இறங்கும் முன் ஷூமா சொன்னான்: "என்னோடு கடப்பவர்கள் இனி ஷிராசாவா. எங்கள் கல் வரிசையில் உங்களுக்கும் இடம்." ஐந்து பேர் அவனோடு இறங்கினார்கள். அக்கரை சேர்ந்து, அங்கேயே ஆறு பேரும் விழுந்தார்கள்.

"நான் கரையில் நின்றேன்," என்றான்.

ஒதாகி சீறினாள். "ஏழு வருஷம் என் வீட்டு முள்ளங்கியைத் தின்றாயே! அப்போதெல்லாம் இந்த வாய் எங்கே போயிருந்தது?"

"அந்த வாக்கைச் சொன்னால் நான் கரையில் நின்றதையும் சொல்ல வேண்டுமே, அக்கா."

"நானும் கடந்தேன் என்று சொல்லியிருந்தால் உனக்கும் கிடைத்திருக்கும்," என்றார் எழுத்தர். "பார்த்தவர் யாரும் இல்லை."

"நான் பார்த்தேனே ஐயா."

நுயி மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, அந்தப் பெயரைத் தர அவர் அப்போது வீட்டுத் தலைவர் இல்லை. சபதம் அவருக்கும் தெரியும்."

"தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்," என்றார் தோனமோ.

அவர் தேநீர்க் கோப்பையைப் பாயில் வைத்தார். பிறகு சொன்னார்: "என் இரத்தத்தில் மீதி நான் ஒருவன். நான் இந்தப் பெயரை விட்டுவிட்டால் சபதமும் உடையாது, மகன் வாக்கும் நிலைக்கும். இந்த ஐந்து பேருக்கும் ஷிராசாவா என்று எழுதுங்கள். எனக்குக் கவாகிஷி."

கவாகிஷி என்றால் ஆற்றங்கரை. எழுத்தர் தூரிகையை எடுக்காமல் பார்த்தார்.

"மகனை அனுப்பிவிட்டு நானும் கரையில் நின்றவன்தான். யோஹேய்க்கும் அதையே எழுதுங்கள்."

"கல் வரிசையில் உங்களுக்கு வைத்த இடம்..." என்று துறவி இழுத்தார்.

"தெரியும்."

எழுத்தர் நுயியிடம் விதியைச் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான். மாமனாரோடு இருந்தால் அவளும் கவாகிஷி. ஷிராசாவாவாகவே இருக்க வேண்டுமானால் தனிப் பதிவு, தனி வீடு. தோனமோவுக்குப் பார்வை மங்கி வெகுநாள் ஆகியிருந்தது. ஏழு ஆண்டுகளாக அவர் தட்டில் மீனுக்கு முள் எடுத்து வைத்தவள் அவள்.

"ஷிராசாவா நுயி," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

"சரி," என்றார் தோனமோ. கோப்பைக்காகக் கையை நீட்டினார். கை பாயில் துழாவியது. நுயி அசையவில்லை. யோஹேய்தான் எடுத்துக் கொடுத்தான்.

தன் கோழைத்தனத்தைத் தானே சொன்ன யோஹேய், பெயரை விட்ட தோனமோ, பெயருக்காக மாமனாரை விட்ட நுயி: இதில் யார் செய்தது சரி?

யோஹேய் சொன்னது உண்மை; ஆனால் ஏழு ஆண்டு பிந்தியது. தோனமோ இரண்டு வாக்கையும் காத்தார். ஆனால் அவரால் தர முடிந்தது தாளில் ஒரு பெயர்தான். ஷூமா தந்தது வரிசையில் இடம். அங்கே அழைத்துப்போக அந்த வீட்டார் ஒருவர் வேண்டும். சபதம் இரத்தத்தைத்தான் சொன்னது, மருமகளை அல்ல. அவளும் போயிருந்தால் அந்த ஐந்து பெண்களும் ஆளில்லாத வீட்டின் பெயரைச் சுமந்திருப்பார்கள். ஆகவே நுயி செய்ததே சரி. அதற்காக அவள் கொடுத்தது என்ன என்பதை அந்தக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். தோனமோ இரண்டாம் குளிர்காலத்தில் இறந்தார். யோஹேயின் வயலோரத்தில் அவருக்குக் கல் வைத்தார்கள். அதற்கு முன்பே நுயி முன்னால் நடக்க, ஐந்து பெண்களும் தங்கள் கணவர்களுக்கு வரிசையில் கல் நட்டிருந்தார்கள். அளந்த இடம் ஆறு. வைத்த கல் ஐந்து. மீதி ஒன்று.